கவராயம் முதல் கணினி வரை: மர அழகுச் சட்டங்களை வரைந்த வரலாறு



"தொழில்நுட்ப வளர்ச்சியால் கைவினைக் கலைகள் அழிந்துவிட்டன." இந்த வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கட்டுரைகளில் படிக்கிறேன் என்று கணக்கே இல்லை. சென்ற முறை இதை எழுதியிருந்தவன் படிவம் 4 மாணவன் ஒருவன். அவனுடைய அப்பா வீடுகளுக்கு வயின்ஸ்கோட்டிங் வேலை செய்து கொடுப்பவர். அவனைக் கூப்பிட்டு, "ஏன்டா, உங்கப்பா வேலை அழிஞ்சு போச்சா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர். அப்பா கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வீட்டுக்காரங்களுக்குக் காட்டுவாரு. அப்புறம் கையாலதான் வெட்டி ஒட்டுவாரு" என்றான். "அப்படின்னா ஏன் இப்படி எழுதின?" "எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க டீச்சர்."

அவன் மேல் தப்பில்லை. பல ஆண்டுகளாக நாமும் அந்த வாக்கியத்துக்குச் 'சரி' போட்டுத்தான் வந்திருக்கிறோம். வீட்டில் தினமும் பார்க்கிற ஒன்றை எழுதாமல், யாரோ எழுதியதை எழுதினால் போதும் என்ற பழக்கத்தை நாமே வளர்த்துவிட்டோம். அதனால் இந்த முறை அவன் அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மரத்தால் ஆன அழகுச் சட்டங்களை மனிதர்கள் எப்படியெல்லாம் வரைந்தார்கள்? கையில் இருந்த கோடு கணினித் திரைக்கு எப்படி வந்தது? வழியில் எது போனது, எது தங்கியது? இந்த மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அழகுச் சட்டம் எதற்கு?

சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓடும் பட்டி, கதவு நிலையைச் சுற்றி நெளிவாக இருக்கும் சட்டம், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வளைந்த சட்டம், கூரை விளிம்பில் தொங்கும் துளைவேலைப் பலகை ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் 'அழகுச் சட்டம்' என்றே சொல்கிறேன். கடையில் 'மோல்டிங்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

இது வெறும் அலங்காரத்துக்காக வந்ததன்று. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். அதனால் இரண்டு பொருள்கள் சேருமிடத்தில் இடைவெளி விழும். அதை மறைக்க ஒரு பட்டி தேவைப்பட்டது. மறைக்க வந்த பட்டியில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் செதுக்கியபோது, வெளிச்சம் பட்டு அதன் மேல் நிழல் விழுந்தது. அந்த நிழல்தான் அழகு. ஆக, சட்டத்தை வரைகிறவர் உண்மையில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் வரைகிறார்.

கவராயத்தின் காலம்

மேலை நாட்டுக் கட்டடக் கலையில் இந்த வடிவங்கள் கிரேக்கர் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டன. வெளியே புடைத்த கால்வட்டம், உள்ளே குழிந்த கால்வட்டம், அரைவட்டப் புடைப்பு, இரண்டும் கலந்த அலை என விரல்விட்டு எண்ணக்கூடிய சில வடிவங்கள்தாம். அலை வடிவத்துக்குக் கிரேக்கர் 'கைமா' என்றே பெயர் வைத்தார்கள். அலை என்றுதான் பொருள். கிரேக்கச் சட்டங்களின் வளைவு நீள்வட்டத்தையோ பரவளைவையோ ஒத்திருக்கும். ரோமானியர்களின் சட்டங்களைப் பெரும்பாலும் வட்டத்தின் வில்களைக் கொண்டே வரைந்துவிடலாம். கவராயம் ஒன்று போதும்.

இந்த முறையை எல்லாருக்கும் எளிதாக்கியவர்களுள் இத்தாலியக் கட்டடக் கலைஞர் விஞோலா முக்கியமானவர். 1562இல் வெளிவந்த அவருடைய நூல் தூண்களையும் சட்டங்களையும் அடி, அங்குலக் கணக்கில் சொல்லவில்லை. 'மாட்யூல்' என்ற ஓர் அலகை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பும் அதில் எத்தனை பங்கு என்று சொன்னது. ஆகவே சின்னக் கட்டடமானாலும் பெரிய கட்டடமானாலும் ஒரே படத்தைப் பார்த்துக் கட்டலாம். இன்று கணினியில் ஒரு வடிவத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குகிறோமே, அதே எண்ணம் 1562லேயே தாளில் இருந்தது.

நமக்கும் இது அந்நியமன்று. ஊர்க் கோயிலில் கருவறையின் அடித்தளத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காக ஓடும். அதில் குமுதம் உருண்டையாகவும் இருக்கும், பட்டை பிடித்தும் இருக்கும். மேலே வளைந்து இறங்கும் விளிம்புக்குக் கொடுங்கை என்று பெயர். மேடு, பள்ளம், நிழல் என்ற அதே கணக்குதான், கல்லில். இந்தச் சொற்கள் நம்மிடம் இருக்கும்போது, மாணவர்களுக்கு "டிசைன் டிசைனா இருந்துச்சு" என்பதைத் தவிர வேறு சொல் தெரியவில்லை என்றால், அந்தக் குறை நம்முடையது.

வடிவத்தைச் சுமந்த இழைப்புளி

தாளில் வரைந்ததை மரத்தில் கொண்டுவந்தது சட்ட இழைப்புளி. சாதாரண இழைப்புளியின் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். சட்ட இழைப்புளியின் அடிப்பகுதியும் இரும்பும், நமக்கு வேண்டிய வடிவத்தின் எதிர்வடிவத்தில் இருக்கும். பலகையின் ஓரத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், கொஞ்சம் கொஞ்சமாக அந்த வடிவம் மரத்தில் பதியும். அகலமான கூரைச் சட்டத்தை இழைக்க ஒருவருடைய பலம் போதாது. தச்சர் பின்னாலிருந்து தள்ள, தொழில் பழகுபவர் முன்னாலிருந்து கயிற்றைக் கட்டி இழுப்பார்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரெந்தம் என்னும் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளி செய்பவர் இருந்தார். அவரிடம் அடிமையாக இருந்தவர் சீசர் செலர் என்ற கறுப்பினத்தவர். நிக்கல்சன் 1753இல் இறந்தபோது, அவருடைய உயிலின்படி செலருக்கு விடுதலை கிடைத்தது. கருவிகளும் கொஞ்சம் நிலமும் கிடைத்தன. அதன்பிறகு 1784இல் இறக்கும்வரை, தான் செய்த இழைப்புளிகளில் தன் பெயரையே முத்திரையாகப் பதித்தார். 'செலர், ரெந்தமில் வசிப்பவர்' என்பது அந்த முத்திரையின் பொருள். நேற்றுவரை இன்னொருவரின் சொத்தாக எண்ணப்பட்ட மனிதர், 'நான் இங்கே வசிக்கிறேன்' என்று மரத்தில் அடித்துச் சொன்னார். அவருடைய கருவிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் கதவுச் சட்டம் அழகாக இருக்கிறது என்கிறோம். அந்த வளைவை முதலில் இழைப்புளிக்குள் வெட்டி வைத்தவர் யார் என்று கேட்கிறோமா?

நீராவியும் மாதிரிப் புத்தகமும்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு மாற்றங்கள் கைகோத்து வந்தன.

முதலாவது, மாதிரிப் புத்தகங்கள். 1797இல் ஆஷர் பெஞ்சமின் என்ற அமெரிக்கர், கிராமப்புறத் தச்சர்களுக்காக ஒரு நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவரே எழுதிய முதல் கட்டடக் கையேடு அதுதான். சட்டங்களின் குறுக்குவெட்டுத் தோற்றங்களை அதில் அச்சிட்டார். நகரத்தையே பார்க்காத தச்சரும் அதைப் பார்த்து வேலை செய்ய முடிந்தது.

இரண்டாவது, இயந்திரம். இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தாம் 1793இல் மரவேலை இயந்திரங்களுக்கு விரிவான காப்புரிமை பெற்றார். தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் தம்பி இவர். 1828இல் அமெரிக்கர் வில்லியம் உட்வொர்த் சுழலும் வெட்டியால் பலகை இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு நீராவியால் ஓடும் சட்ட இயந்திரங்களும் நுண்வளைவு வெட்டும் ரம்பங்களும் வந்தன. தச்சர் நாள் முழுக்க இழைத்த சட்டம், ஆலையில் மளமளவென்று வந்து விழுந்தது. வடிவத்துக்கு எண் போட்டு விலைப்பட்டியலில் அச்சிட்டார்கள். எண்ணைச் சொன்னால் சட்டம் வீடு தேடி வரும். கலிபோர்னியாவின் யுரேக்கா நகரில் மரவணிகர் வில்லியம் கார்சன் 1884 முதல் 1886 வரை கட்டிய மாளிகையின் படத்தைத் தேடிப் பாருங்கள். கோபுரம், தூண், தாழ்வாரம் என்று ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாமல் மரவேலைப்பாடு. இயந்திரம் வந்தபின் அலங்காரம் குறையவில்லை, கூடியது.

மாணவர்களே, இங்கே நிதானமாக யோசியுங்கள். அலங்காரம் கூடியது உண்மை. ஆனால் எந்த வளைவைப் போடுவது என்று முடிவு செய்யும் உரிமை தச்சரின் கையிலிருந்து விலைப்பட்டியலுக்குப் போனதும் உண்மை. கட்டுரையில் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு.

வளைந்து கொடுத்த மரப்பட்டி

இப்போது கணினிக்கு வருவோம். அங்கேயும் முதலில் நிற்பது மரம்தான் என்றால் நம்புவீர்களா?

கப்பல் கட்டுபவர்களுக்குப் பெரிய பெரிய வளைவுகள் வரைய வேண்டியிருந்தது. கவராயம் பத்தாது. அதனால் மெல்லிய, வளையக்கூடிய மரப்பட்டி ஒன்றை எடுத்து, குறித்த புள்ளிகளின் வழியாக வளைத்து, நகராமல் இருக்க ஈயக் குண்டுகளை வைத்து அழுத்துவார்கள். பட்டி இயல்பாக வளைந்து நிற்கும் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்வார்கள். அந்தப் பட்டிக்குப் பெயர் 'ஸ்ப்லைன்'. மரப்பட்டி தன்னை அதிகம் வருத்திக்கொள்ளாமல் எப்படி வளைய முடியுமோ அப்படித்தான் வளையும். அதனால்தான் அந்தக் கோடு கண்ணுக்கு உறுத்தாது.

1946இல் கணிதவியலர் ஐசக் ஷோன்பெர்க் இத்தகைய வளைவுகளைச் சமன்பாடுகளால் விளக்கினார். அந்த மரப்பட்டியின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். அடுத்து வந்தவர்கள் பிரான்ஸின் கார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த இருவர். சிட்ரோவனில் பால் த காஸ்தெல்ஜோ 1959இல் ஒரு வளைவு முறையைக் கண்டுபிடித்தார்; நிறுவனம் அதை வெளியில் சொல்லவில்லை. ரெனோவில் பியர் பெசியே 1960களில் தனியாக அதே வகை வளைவை அடைந்து வெளியிட்டார். அதனால் உலகம் அதைப் 'பெசியே வளைவு' என்கிறது. முதலில் கண்டவர் ஒருவர், பெயர் கிடைத்தது இன்னொருவருக்கு. செலரின் முத்திரையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நீங்கள் வரைகலை மென்பொருளில் ஒரு கோட்டை இழுத்து வளைக்கும்போது, கோட்டின் பக்கத்தில் சின்னக் கைப்பிடிகள் தெரியும் அல்லவா? அது பெசியே வளைவு. பட்டியலில் 'ஸ்ப்லைன்' என்று ஒரு கருவி இருக்குமே, அந்தப் பெயர் கப்பல் தச்சரின் மரப்பட்டி விட்டுச்சென்றது.

திரைக்கு வந்த கோடு

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து, தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலைச் செய்து காட்டினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம். இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால், கணினியே திருத்திக்கொள்ளும். அதே ஆண்டில் அதே இடத்தில் திமோதி ஜான்சன் அதை முப்பரிமாணத்துக்கு நகர்த்தினார். அதற்கும் முன்பே, 1952இல், எண்களால் இயங்கும் வெட்டு இயந்திரத்தை எம்.ஐ.டி. செய்து காட்டியிருந்தது. வரையும் கணினி ஒரு பக்கம், வெட்டும் இயந்திரம் இன்னொரு பக்கம். இரண்டும் பின்னாளில் கைகோத்தன.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும்தான். சின்ன அலுவலகங்களுக்கு இது வந்தது 1982இல், ஆட்டோகேட் மேசைக் கணினிகளுக்கு வெளியானபோது. 2000இல் ஸ்கெட்ச்அப் வந்தது. அதைக் கூகுள் 2006இல் வாங்கியது. 2012இல் டிரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. தச்சர்களும் வீட்டுக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் முப்பரிமாணத்தில் வரையத் தொடங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு கோடுகளில் ஒரு சட்டம்

மென்பொருளில் அழகுச் சட்டம் வரைவதற்கு இரண்டே பொருள் போதும். ஒன்று, குறுக்குவெட்டு வடிவம். சட்டத்தைக் குறுக்கே அறுத்தால் முகத்தில் தெரியும் உருவம் அது. இன்னொன்று, பாதை. சட்டம் ஓடப்போகும் கோடு அது. வடிவத்தைப் பாதையின் வழியே நடத்தினால் சட்டம் பிறந்துவிடும். ஸ்கெட்ச்அப்பில் இந்தக் கருவியின் பெயர் 'ஃபாலோ மீ', அதாவது 'என் பின்னே வா'. இழைப்புளியும் இதையேதான் செய்தது: வடிவம் இரும்பில் இருந்தது, பாதை பலகையின் ஓரத்தில் இருந்தது. வடிவத்தை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கடைசல் வேலை வரும். ஒரு பலகையிலிருந்து பூ வடிவத்தைக் கழித்தால் துளைவேலை வரும்.

சிக்கல் மூலையில் இருக்கிறது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரோடு அது 38 டிகிரி சாய்ந்திருந்து, மூலை சரியாக 90 டிகிரியாக இருந்தால், சட்டத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து அறுப்பதற்கு ரம்ப மேசையை 31.6 டிகிரி திருப்ப வேண்டும், வாளை 33.9 டிகிரி சாய்க்க வேண்டும். 45 என்று நினைத்து அறுத்தவர்கள் மரத்தை வீணாக்கியிருப்பார்கள். முப்பரிமாணப் படம் இருந்தால் இந்தக் கோணங்களைத் திரையிலேயே அளந்துவிடலாம்.

இன்னொரு சிக்கல் இன்னும் சுவையானது. கூரையின் பக்கவாட்டில் கிடையாக வரும் சட்டம், மூலையில் திரும்பி முன்முகப்பின் சரிவில் ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே குறுக்குவெட்டு வடிவத்தைக் கொடுத்தால் மூலையில் பொருந்தவே பொருந்தாது. சரிவில் ஏறும் சட்டத்துக்கு வடிவத்தைப் புள்ளி புள்ளியாகச் சரிவின் திசையில் கொண்டுபோய் மறுபடி வரைய வேண்டும். பழைய தச்சு நூல்கள் இதற்கு அளவுகோலும் கவராயமும் கொண்டு வழி சொல்லிக் கொடுத்தன. இன்றும், கருவியை அழுத்தினால் எல்லாம் நடக்கும் என்று விட்டுவிட்டால், மென்பொருள் நெளிந்துபோன ஒரு மூலையைத்தான் தரும். அது தப்பு என்று சொல்ல, வடிவியல் தெரிந்த ஒரு கண் வேண்டும்.

திரைக்குத் தெரியாதவை

நம் மாணவனின் அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல எல்லா மூலையும் 90 டிகிரிம்மா. வீட்டுல போய்ப் பாருங்க, ஒன்னுகூட 90 இருக்காது" என்றார். உட்புற மூலையில் அவர் இரண்டு துண்டுகளையும் சரிவாக அறுத்துச் சேர்ப்பதில்லை. ஒரு துண்டைச் சுவர்வரை நேராக விட்டுவிடுவார். அடுத்த துண்டின் முனையை, முதல் துண்டின் வடிவம் அப்படியே வந்து உட்காரும்படி மெல்லிய வாளால் வளைத்து வெட்டுவார். மூலை 90 ஆனாலும் 92 ஆனாலும் இடைவெளி தெரியாது. படத்தில் ஒன்று, சுவரில் ஒன்று. வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் வெட்டுமுனை உருண்டையாகச் சுழல்வது. 6 மில்லிமீட்டர் முனை, உள்மூலையில் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டுவிடும். கூரான உள்மூலை வேண்டுமென்றால் உளிதான் எடுக்க வேண்டும். திரையில் இருக்கும் மரம் விரியாது, சுருங்காது. நம் ஊர் ஈரக்காற்றில் இருக்கும் மரம் அப்படியா?

நம் வட்டாரத்தில்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். திரங்கானு, கிளந்தான் பகுதி மலாய் வீடுகளில் சன்னலுக்கு மேலும் சுவர் உச்சியிலும் துளைவேலைப் பலகைகளைப் பார்க்கலாம். மலாயில் 'தெபுக் தெம்புஸ்' என்பார்கள். பூவும் கொடியுமாக இருக்கும் அந்தத் துளைகள் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடுகின்றன. நம் பருவநிலைக்கு அலங்காரமே சன்னலாகிறது. இத்தகைய பழைய வீடுகளை அளந்து வரைபடமாக்கும் பணியை மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலை மாணவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். மரம் கரையான் அரித்துப் போனாலும் வரைபடம் இருந்தால் அந்த வளைவை மீண்டும் செதுக்கலாம். சிங்கப்பூரில் 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள கடைவீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய மரச் சன்னல்களின் வடிவத்தைக் காக்க வேண்டும். இங்கெல்லாம் வரைதல் என்பது பாதுகாத்தல்.

ஆக, அழிந்துவிட்டதா?

முதல் வாக்கியத்துக்குத் திரும்புவோம். சட்ட இழைப்புளி செய்யும் தொழில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆலை ஒருகாலத்தில் தச்சரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த உரிமையில் ஒரு பகுதியைக் கணினி திருப்பிக் கொடுத்திருக்கிறது. விலைப்பட்டியலில் இல்லாத வளைவை ஒரு தச்சர் இன்று தாமே வரையலாம். மூலையைப் பொருத்தும் அறிவும் மரத்தின் குணத்தை அறியும் அறிவும் இன்னும் மனிதரிடம்தான் இருக்கின்றன. 'அழிந்தது' என்ற ஒரு சொல்லில் இவை அத்தனையும் அடங்குமா?

கட்டுரைப் பயிற்சிக்கு

1. அழகுச் சட்டத்தின் வரலாற்றில் 1562, 1793, 1963 ஆகிய ஆண்டுகள் ஏன் முக்கியமானவை? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்களில் விடை எழுதுக.

2. "இயந்திரம் அலங்காரத்தைப் பெருக்கியது, தச்சரின் உரிமையைக் குறைத்தது." இக்கூற்றை ஏற்கிறீர்களா? சான்றுகளுடன் விளக்குக.

3. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைத்தொழில் செய்பவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் வேலையில் கணினி செய்வது எது, கை செய்வது எது என்று கேட்டு 180 சொற்களில் எழுதுக. இழைப்புளி, உளி, கவராயம், குறுக்குவெட்டு, துளைவேலை, கடைசல் ஆகிய சொற்களில் நான்கையாவது பயன்படுத்துக.

மூன்றாவது கேள்வியை என் வகுப்பில் கொடுத்தபோது, அந்த மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். அதில் ஒரு வாக்கியம்: "அப்பா மூலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அறுப்பார்." எந்த வழிகாட்டி நூலிலும் அந்த வாக்கியம் இல்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.